வலியை மறக்க வைக்கும் பனி உலகம்

காலில் முள் குத்திய பேரனைப் பாட்டி மடியில் போட்டுக்கொள்கிறாள். கதை சொல்கிறாள். "அப்புறம் அந்த நரி என்ன செய்தது தெரியுமா?" பையன் வாயைப் பிளந்து கேட்கிறான். அதற்குள் முள் வெளியே வந்துவிடுகிறது!

பாட்டியின் இதே வித்தையை அமெரிக்காவில் கம்ப்யூட்டரைக் கொண்டு செய்கிறார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு...

தீப்புண் பட்ட குழந்தைக்கு, ஆபரேஷனோடு வேதனை தீர்ந்துவிடுவதில்லை. வெந்துபோன இடத்தில் வேறு பகுதியின் தோலை எடுத்து ஒட்டுகிறார்கள். அது நகராமல் இருக்கச் சிறு கம்பிகளைக் குத்தி வைக்கிறார்கள். பிறகு அவற்றை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். தோல் சுருங்காமல் இருக்கக் கை கால்களை நீட்டி மடக்க வேண்டும்.

மருந்து கொடுத்தாலும் வலி முழுவதும் அடங்குவதில்லை. வலிக்குப் பயந்து பயிற்சியை விட்டால், கை மடங்கியபடியே நின்றுவிடக்கூடும்.

நெருப்புக்குப் பனி

சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மனோதத்துவ நிபுணர்கள் ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் ஆகிய இருவரும் 1990-களில் இதற்கு ஒரு வழி தேடினார்கள்.

கண்களை மூடும் பெரிய கண்ணாடி போன்ற ஒரு கருவி. அதற்குள் கம்ப்யூட்டர் படம் தெரியும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். அந்த இடத்திலேயே நிற்பது போல் இருக்கும்! இதை "மெய்நிகர் காட்சி" என்கிறார்கள்.

தீப்புண் சிகிச்சை பெற்ற 16, 17 வயதுப் பையன்கள் இருவரிடம் இதைச் சோதித்தார்கள். சாதாரண வீடியோ விளையாட்டு ஆடியபோது இருந்ததைவிட, இக்கருவியை அணிந்தபோது வலி மிகவும் குறைந்தது. இந்த முடிவு 2000-ம் ஆண்டில் வெளியாயிற்று.

தீப்புண் நோயாளிகளுக்கென்றே "பனி உலகம்" என்ற காட்சியையும் உருவாக்கினார்கள். எங்கும் பனி. பனி மனிதர்கள், பெங்குவின்கள். அவற்றின் மீது பனி உருண்டை வீசி விளையாடலாம்!

காரணம் என்ன?

வலியை உணர, மனம் அதைக் கவனிக்க வேண்டும். மனத்துக்கு உள்ள கவனமோ கொஞ்சம்தான். அதை விளையாட்டு இழுத்துக்கொண்டால், வலிக்கு மிஞ்சுவது குறைவு. 2004-ல் வெளியான ஆராய்ச்சியில் மூளையையே படம் பிடித்துப் பார்த்தார்கள். வலியோடு சம்பந்தப்பட்ட 5 பகுதிகளிலும் வேலை குறைந்திருந்தது!

இது மருந்துக்குப் பதில் அல்ல, மருந்துக்குத் துணை.

கருவி இல்லாத வீட்டிலும் ஒன்று செய்யலாம். குழந்தைக்கு ஊசி போடும்போது, "அழாதே!" என்று அதட்டாதீர்கள். ஒரு கதை சொல்லுங்கள். நடுவில், "அப்புறம் என்ன ஆயிற்று, சொல் பார்ப்போம்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியும் ஒரு மருந்துதான்!