நரைக்குச் சாயமிடல்: மார்க்கச் சட்டமும் பேண வேண்டிய கவனமும்

 

கேகாலை மாவட்டத்தின் மலையோரக் கிராமமொன்றில் வாழும் பெரியவர் ஒருவர், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரு தினங்களுக்கு முன்னர் கருஞ்சாயத் தூளை வீட்டிலேயே கரைத்துத் தலைக்கும் தாடிக்கும் பூசிக்கொண்டார். பெருநாள் காலையில் அவரது கண்ணிமைகள் வீங்கி மூடியிருந்தன. தொழுகைத் திடலுக்குச் செல்ல வேண்டியவர் வைத்தியசாலைக்குச் சென்றார். குணமடைந்தபின் அவர் என்னிடம் கேட்டார்: “மௌலவி, பத்து வருஷமாப் பூசுறேன், ஒண்டும் நடக்கல்ல. இது அல்லாஹ்ட தண்டனையா?”

தண்டனையா என்பதை நான் அறியேன். அதைச் சொல்லும் உரிமையும் எனக்கில்லை. மார்க்கச் சட்டத்தையும் சாயத்தின் தன்மையையும் விளக்குவதே என்னால் இயன்றது.

நரையை மாற்றுவது மார்க்கத்தில் குற்றமன்று. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு (கி.பி. 630) மக்கா வெற்றியின்போது, அபூபக்ர் (ரழி) அவர்களின் முதிய தந்தை அபூ குஹாபா (ரழி) நபி (ஸல்) அவர்களிடம் அழைத்து வரப்பட்டார்கள். அவர்களது தலையும் தாடியும் வெண்பூப் போல் வெளுத்திருந்தன. அந்நரையை வேறு நிறத்தால் மாற்றுமாறும் கறுப்பைத் தவிர்க்குமாறும் நபியவர்கள் பணித்தார்கள் என ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அபூபக்ர் (ரழி) அவர்கள் மருதோன்றியுடன் ‘கதம்’ எனும் செடியைக் கலந்தும், உமர் (ரழி) அவர்கள் தனி மருதோன்றியாலும் சாயமிட்டுள்ளார்கள். தனிக் கறுப்பைப் பொறுத்தவரை இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எமது ஷாபிஈ மத்ஹபில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் அதை ஹராம் என்றே உறுதிப்படுத்தினார்கள். வெறுக்கத்தக்கது என்ற அளவில் நிறுத்திக்கொண்டோரும் உளர். ஆனால் வயதை மறைத்துப் பெண் கேட்பதற்காகப் பூசுவது ஏமாற்று என்பதில் ஐயமில்லை. இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். என்றாலும் சொல்லியாக வேண்டும்.

இனி, அப்பெரியவருக்கு நேர்ந்தது என்ன? கடைகளில் விற்கப்படும் கருஞ்சாயங்கள் பலவற்றில் பாரா பினைலீன் டையமீன் என்ற இரசாயனம் உள்ளது. சிலரது உடல் அதனைப் பகையாக எண்ணத் தொடங்கும். அது முதல் தடவையிலேயே நிகழவேண்டும் என்பதில்லை. பல வருடங்கள் பழகிய பின்னரும் நிகழலாம். ஒருமுறை ஒவ்வாமை உண்டாகிவிட்டால், பின்னர் சிறிதளவு பட்டாலும் தோல் சிவந்து வீங்கும். ஆகவேதான் ஒவ்வொரு தடவையும் 48 மணி நேரத்துக்கு முன்னர் காதின் பின்புறத்தில் ஒரு துளி தடவிப் பார்க்க வேண்டும். அரிப்போ சிவப்போ தோன்றினால் அச்சாயம் உங்களுக்குரியதன்று. கையுறை அணியுங்கள், புருவத்துக்கும் இமைக்கும் ஒருபோதும் பூசாதீர்கள். ‘கறுப்பு மருதோன்றி’ என்று விற்கப்படுவதிலும் இதே இரசாயனம் கலந்திருப்பதுண்டு. பெயரைக் கண்டு ஏமாறாதீர்கள்.

இதைவிடப் பாரதூரமானது அதனை விழுங்குவதாகும். தொண்டை வீங்கி மூச்சடைக்கும். தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கும். தென்னிந்திய வைத்தியசாலைகளில் இவ்வகையில் பலர் உயிரிழந்துள்ளனர். எனவே சாயத்தூளைச் சமையலறைத் தட்டில் வைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். எவரேனும் விழுங்கிவிட்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக் காலம் தாழ்த்தாது உடன் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மருதோன்றி இலையை அரைத்து, எலுமிச்சைச் சாறும் ஆறிய தேயிலைச் சாயமும் சேர்த்துச் சில மணி நேரம் ஊறவைத்துப் பூசினால் நரை செம்மஞ்சளாகும். அதன்மேல் அவுரித்தூள் பூசினால் கபிலமாகக் கருமை கூடும். எனினும் ஜீ6பீடீ எனும் நொதியம் குறைந்த குழந்தைகளுக்கு மருதோன்றியும் ஆகாது. அதைப் பூசுவதால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையக்கூடும்.

“சாயமிட்டால் குளிப்பு நிறைவேறுமா?” என்றும் பலர் வினவுகின்றனர். நிறம் மட்டும் முடியில் தங்கினால் நீர் சேர்வதற்குத் தடையில்லை, குளிப்பு நிறைவேறும். பசை உலர்ந்து படலமாக ஒட்டியிருந்தால் அதைக் கழுவி நீக்கிய பின்னரே குளிக்க வேண்டும். அப்பெரியவர் இப்போது மருதோன்றி பூசுகிறார். தாடி சிவந்திருப்பதைப் பேரப்பிள்ளைகள் கேலி செய்கிறார்களாம்; அவரும் சேர்ந்து சிரிக்கிறார்.