படிக்கச் சென்றவரின் வரிப் பணம்: கேட்டால்தான் கிடைக்கும்!

புது தில்லி:

ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் பெங்களூரு, ஹைதராபாத், குருகிராம் நிறுவனங்களிலிருந்து இளைஞர்கள் பலர் பணியைத் துறந்து வெளியேறுகின்றனர். சிலர் முதுநிலைப் படிப்பில் சேருகின்றனர். சிலர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்கின்றனர். குடிமைப் பணித் தேர்வுக்காக தில்லியின் முகர்ஜி நகரிலும் பழைய ராஜேந்தர் நகரிலும் அறை எடுத்துத் தங்குவோரில் தமிழக இளைஞர்களும் கணிசமாக உண்டு. சேமிப்பை எண்ணி எண்ணிச் செலவிடும் இவர்களில் பலருக்கு, மத்திய அரசின் கருவூலத்தில் தங்கள் பணம் கொஞ்சம் தங்கியிருக்கிறது என்பதே தெரிவதில்லை.

காரணம், ஊதியத்தில் வரி பிடிக்கப்படும் முறைதான். 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 192-வது பிரிவின்படி, ஊழியர் ஆண்டு முழுவதும் பணியில் இருப்பார் என்ற மதிப்பீட்டில் மொத்த வரியைக் கணக்கிட்டு, அதை மாதந்தோறும் பிரித்துப் பிடிக்கிறது நிறுவனம். இடையில் அவர் விலகிவிட்டால் அந்த மதிப்பீடு பொய்த்துவிடுகிறது. பிடித்த வரியோ அதற்குள் அரசின் கணக்குக்குப் போய்விட்டிருக்கும்.

மாதம் 1.25 லட்சம் ரூபாய் ஊதியம் பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2025-26 நிதியாண்டில், புதிய வரி முறையில், நிலைக் கழிவான 75 ஆயிரம் போக அவரது ஆண்டு வருமானம் 14.25 லட்சம். அதற்கு வரி 93,750 ரூபாய். 4 சதவீத கூடுதல் தீர்வையைச் சேர்த்தால் 97,500 ரூபாய். மாதத் தவணை 8,125 ரூபாய். ஜூன் இறுதியில் அவர் விலகினார் என்றால், மூன்று மாதங்களில் 24,375 ரூபாய் பிடிக்கப்பட்டிருக்கும். ஆனால், அந்த ஆண்டில் அவர் உண்மையில் பெற்ற ஊதியம் 3.75 லட்சம்தான். நிலைக் கழிவு போக 3 லட்சம். நான்கு லட்சம் வரை வரியே கிடையாது என்பதால், பிடித்த தொகை முழுவதும் அவருக்கே உரியது.

இங்குதான் சிக்கல் தொடங்குகிறது. வருமானம் வரம்புக்குக் கீழே இருப்பவர் கணக்கு தாக்கல் செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. பிடித்தம் 25 ஆயிரம் ரூபாயை எட்டினால் தாக்கல் கட்டாயம் என்று 2022-ல் ஒரு விதி வந்தது. நமது உதாரண இளைஞர் அதிலிருந்தும் மயிரிழையில் தப்புகிறார். கட்டாயம் இல்லை என்பதால் தேவையும் இல்லை என்று இருந்துவிட்டால் பணம் போயிற்று. அரசு தானாக முன்வந்து திருப்பித் தராது. கணக்கு தாக்கல் செய்வதே கோரிக்கை மனு.

இந்த நுணுக்கம் நாடாளுமன்றம் வரை சென்றதைப் பலர் கவனிக்கவில்லை. 1961-ம் ஆண்டு சட்டத்துக்கு மாற்றாக, 2025 பிப்ரவரி 13-ல் மக்களவையில் அறிமுகமான வருமான வரி மசோதாவில், கெடு தேதிக்குள் கணக்கு தாக்கல் செய்தால்தான் கூடுதல் வரியைத் திரும்பக் கோர முடியும் என்ற பொருளில் ஒரு ஷரத்து இடம்பெற்றிருந்தது. பெரு நிறுவனங்களுக்கு இதனால் கவலையில்லை. கெடுவை நினைவூட்ட அவற்றுக்குத் தணிக்கையாளர்கள் உண்டு. தாக்கல் செய்யும் கட்டாயமே இல்லாதிருந்து, தாமதமாக விழித்துக்கொள்ளும் சிறு வரிதாரர்களே பாதிக்கப்பட்டிருப்பார்கள்.

பைஜயந்த் பாண்டா தலைமையிலான மக்களவைத் தேர்வுக் குழு, ஜூலை 21-ல் அளித்த அறிக்கையில் அந்த ஷரத்தை நீக்குமாறு பரிந்துரைத்தது. ஆகஸ்ட் 8-ல் பழைய மசோதா திரும்பப் பெறப்பட்டது. திருத்திய மசோதா 11-ம் தேதி மக்களவையில், எதிர்க்கட்சிகளின் அமளிக்கிடையே, விவாதமின்றி நிறைவேறியது. 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறை நாளாகக் கொண்ட அச் சட்டத்துக்கு ஆகஸ்ட் 21-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அவை விவாதிக்கத் தவறியதைக் குழு செய்து முடித்திருந்தது என்பதில் ஓர் ஆறுதல். எனினும் 2025-26 வரையிலான வருமானத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

அந்தப் பழைய சட்டத்தில் குடிமகனும் அரசும் ஒரே தராசில் நிறுத்தப்படவில்லை. கெடு தேதி வழக்கமாக ஜூலை 31. தவறினால் டிசம்பர் 31 வரை தாமதக் கணக்கு தாக்கல் செய்யலாம். அதாவது நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதங்கள். ஆனால் விடுபட்ட வருமானத்தைக் காட்டி அரசுக்குக் கூடுதல் வரி செலுத்த விரும்புவோருக்கு, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதங்கள் வரை அவகாசம் உண்டு. 2025-ம் ஆண்டு நிதிச் சட்டம்தான் 24 மாதங்களாக இருந்த அந்த அவகாசத்தை இரட்டிப்பாக்கியது. அதே வழியில் திரும்பப் பெறும் தொகையைக் கோர முடியாது. கொடுக்க வருபவனுக்குக் கதவு நான்கு ஆண்டுகள் திறந்திருக்கிறது. கேட்க வருபவனுக்கு ஒன்பது மாதங்களில் மூடிவிடுகிறது.

வட்டியிலும் இதே கதைதான். வரி செலுத்தத் தாமதித்தால் மாதத்துக்கு ஒரு சதவீதம் வட்டி. அரசு திருப்பித் தரும் தொகைக்கு 244-ஏ பிரிவின்படி மாதத்துக்கு அரை சதவீதம். 2003 செப்டம்பரில் இருந்து இந்த விகிதங்கள் மாறவில்லை. உரிய காலத்தில் தாக்கல் செய்தவருக்கு, நிதியாண்டு முடிந்த மறுநாளான ஏப்ரல் 1-லிருந்து வட்டி கணக்கிடப்படும். நமது இளைஞருக்கு செப்டம்பரில் பணம் வந்தால், ஆறு மாதங்களுக்கு ஏறத்தாழ 729 ரூபாய். அந்த வட்டியையும் அடுத்த ஆண்டு வருமானத்தில் காட்டவேண்டும் என்பது வேறு விஷயம்! வைத்துக்கொண்ட பணத்துக்கு வட்டி தரவேண்டியது அரசின் கடமை என்று டாடா கெமிக்கல்ஸ் வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் வசூலிக்கப்படலாகாது என்கிறது அரசியல் சாசனத்தின் 265-வது பிரிவு.

நடைமுறையில் செய்யவேண்டியவை அதிகமில்லை. விலகும் முடிவை நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவித்தால், கடைசி மாதங்களின் பிடித்தத்தைக் குறைத்துச் சரிக்கட்ட 192(3) பிரிவு இடமளிக்கிறது. அதற்கு முன் செலுத்தப்பட்டதைத் துறையிடம்தான் கேட்கவேண்டும். படிவம் 16, அடுத்த நிதியாண்டின் ஜூன் 15-க்குள் வரும். அப்போது அலுவலக மின்னஞ்சல் முடங்கியிருக்கும் என்பதால் சொந்த முகவரியைக் கொடுத்துவிட்டுப் புறப்படுவது நல்லது. படிவம் கைக்கு வராவிட்டாலும், பான் எண்ணின் கீழ் இணையதளத்தில் உள்ள 26ஏஎஸ் அறிக்கையைக் கொண்டு தாக்கல் செய்யலாம். தாக்கல் செய்த 30 நாள்களுக்குள் சரிபார்ப்பு முடியவேண்டும். ஆதாருடன் இணைத்த செல்பேசி எண்ணுக்குக் கடவு எண் வருவதால், வெளிநாடு செல்வோர் அந்த எண்ணைத் துண்டித்துவிடக் கூடாது. 2019 மார்ச் முதல் காசோலைகள் கிடையாது. பான் எண்ணுடன் இணைந்த வங்கிக் கணக்குக்கே பணம் வரும்.

ஐந்தாண்டு பணி முடியும் முன் வருங்கால வைப்பு நிதியை எடுப்போர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். தொகை 50 ஆயிரம் ரூபாயை எட்டினால் 10 சதவீதம் பிடிக்கப்படும். எடுக்கும் தொகையில் வரிக்குரிய பகுதியைச் சேர்த்தும் ஆண்டு வருமானத்துக்கு வரி வராது என்றால் அதையும் இதே கணக்கில் கோரலாம். சொந்த மேற்படிப்புக்குக் கட்டும் கல்விக் கட்டணத்துக்கு மட்டும் எந்தக் கழிவும் இல்லை. பழைய வரி முறையில்கூட அது பிள்ளைகளின் கட்டணத்துக்கே உண்டு.

இடைத்தரகர்களிடம் எச்சரிக்கை தேவை. இல்லாத கழிவுகளைக் காட்டி அதிகத் தொகை பெற்றுத் தருவதாகக் கூறி, அதில் பங்கு கேட்போர் பலர். 2025 ஜூலை 14-ல் வருமான வரித் துறை நாடு முழுவதும் இத்தகையோரிடம் சோதனை நடத்தியது. பொய்க் கணக்கு பிடிபட்டால் வரியில் 200 சதவீதம் வரை அபராதம். அதைச் சுமப்பவர் தரகர் அல்ல, கணக்குக்கு உரியவர்.

டிசம்பர் 31-ஐயும் தவறவிட்டவருக்கு ஒரு வழி உண்டு. 119(2)(பி) பிரிவின் கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோரி விண்ணப்பிக்கலாம். முன்பு ஆறு ஆண்டுகளாக இருந்த அவகாசத்தை, 2024 அக்டோபர் 1-ம் தேதி சுற்றறிக்கையில் மத்திய நேரடி வரிகள் வாரியம் ஐந்தாகக் குறைத்தது. உண்மையான இடர்ப்பாடு இருந்தது என்று அதிகாரிக்குப் புலப்படவேண்டும். அவர் இசைந்தால் அசல் கிடைக்கும்; வட்டி கிடையாது.