தண்ணீர் விட்டால் அமிலம் காரமாகுமா?

ஒரு சோதனைக் குழாயில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் பிஎச் மதிப்பு 2. அதில் 1 மில்லி எடுத்து, மொத்தம் 10 மில்லி ஆகும்வரை சுத்தமான தண்ணீர் சேர்க்கிறோம். (காகிதத்தில்தான்! நிஜ அமிலத்தோடு விளையாட்டு வேண்டாம்.) இப்போது பிஎச் 3. அதிலிருந்து 1 மில்லி எடுத்து மறுபடி பத்தாக்கினால் 4. அப்படியே 5, 6...

ஒரு லிட்டரில் ஹைட்ரஜன் அயனி 0.01 மோல் இருந்தால் பிஎச் 2, 0.001 மோல் என்றால் 3. புள்ளிக்குப் பிறகு அந்த 1 எத்தனையாவது இடத்தில் இருக்கிறதோ, அதுதான் பிஎச். (இடைப்பட்ட எண்களுக்கு மடக்கை வேண்டும், அதைப் பெரிய வகுப்பில் படிப்பீர்கள்.) 1909-ல் இந்த அளவுகோலைத் தந்தவர் டென்மார்க்கின் சோரன்சென். கோபன்ஹேகனில் ஒரு பீர் ஆலை முதலாளி தொடங்கிய கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் நொதிகளை ஆராய்ந்தவர். பூஜ்ஜியம் போட்டுப் போட்டு அலுத்துவிட்டதோ என்னவோ!

சரி, 6-க்கு அப்புறம்? 7, 8, 9 என்று போகுமா? 7-ஐத் தாண்டினால் காரமாயிற்றே! வெறும் தண்ணீர் விட்டு அமிலத்தைக் காரமாக்க முடியுமா என்ன? கணக்கு எங்கோ இடிக்கிறது.

தண்ணீரை நாம் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சுத்தமான தண்ணீரிலும் சுமார் 55 கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்று, ஹைட்ரஜன் அயனியாகவும் ஹைட்ராக்சைடு அயனியாகவும் பிரிந்தே இருக்கும். 25 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குத் தலா 0.0000001 மோல். ஏழாவது இடம், அதனால் பிஎச் 7. அமிலம் செறிவாக இருக்கும்போது இந்தச் சில்லறை கண்ணுக்கே தெரியாது. அமிலம் 0.00000001 மோலாக இளைத்துவிட்டாலோ, தண்ணீரின் பங்குதான் பெரிது.

இரண்டையும் கூட்டினால் போதுமா? 0.00000011 வரும், அது கொஞ்சம் அதிகம். அமிலத்தின் அயனிகள் இருப்பதால் தண்ணீர் சற்றுக் குறைவாகவே பிரியும். இரு அயனிகளின் செறிவையும் பெருக்கினால் வரும் விடை, அதே வெப்பநிலையில், மாறாது. அந்த விதிப்படி போட்டால் 0.000000105 மோல், பிஎச் 6.98. இன்னும் எத்தனை குடம் ஊற்றினாலும் 7-ஐ நெருங்குமே தவிர தாண்டாது.

நிஜத்தில் 6.98-ஐ அளப்பதும் லேசல்ல. திறந்து வைத்த காய்ச்சி வடித்த நீர், காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடைக் கரைத்துக்கொண்டு 5.6 வரை இறங்கிவிடும். பள்ளி ஆய்வகத்து மீட்டர் 7 காட்டவில்லை என்றால், உடனே மீட்டரைத் தட்டாதீர்கள்!