பனித்தீவின் கணக்கேடு!

"எங்கள் காலத்தில் இத்தனை வெயில் இல்லை" என்கிறார் ஒரு பெரியவர். "எல்லாக் காலத்திலும் இதே வெயில்தான், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பில் வலுவில்லை" என்கிறார் இன்னொருவர். "கலி முற்றிவிட்டது, அதனால் காய்கிறது" என்று கண்ணை மூடிக் கொள்கிறார் மூன்றாமவர். மூவரில் யார் பேச்சு மெய்? யாரைக் கேட்டுத் தீர்ப்பது?

மன்னர்களைக் கேட்கலாமா? கல்லிலே வெட்டி வைத்தார்கள் மன்னர்கள். கொடுத்த நிலத்தை வெட்டினார்கள், வென்ற பகையை வெட்டினார்கள், கட்டிய கோயிலை வெட்டினார்கள். இன்ன நாளில் இவ்வளவு வெப்பம் என்று வெட்டி வைத்த மன்னனை நாம் கண்டோமில்லை. பஞ்சாங்கத்தைக் கேட்கலாமா? வரப்போகும் ஆண்டின் மழையை மரக்கால் கணக்கிலே அது சொல்லும். சென்ற ஆண்டு சொன்னபடி பெய்ததா என்று கேட்டால், ஏடு பேசாது. ஏட்டை எழுதியவரும் பேசமாட்டார்!

நினைவு நீதிமன்றம் ஏறாது, தோழர்களே! நாள் தவறாமல் எழுதிய கணக்கு வேண்டும். அப்படி ஒரு கணக்கு இருக்கிறது. மாளிகையிலே அல்ல, மாநகரிலே அல்ல. உலகின் தென்கோடியில், மனிதன் குடியேறத் துணியாத ஒரு பனித்தீவிலே, 1903-ஆம் ஆண்டிலிருந்து எழுதப்பட்டு வருகிறது. அதன் கதையைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

தென் அமெரிக்காவின் முனையைத் தாண்டி, தென்துருவக் கண்டத்தின் வாசலிலே கிடக்கின்றன தெற்கு ஆர்க்னித் தீவுகள். அவற்றுள் ஒன்று லாரித் தீவு. மரம் இல்லை, வயல் இல்லை, ஊர் இல்லை. பனியாறும் பாறையும் பென்குயின் பறவையும் உண்டு. ஆண்டு முழுவதையும் கூட்டிச் சராசரி கண்டாலும், நீர் உறையும் நிலைக்குக் கீழேதான் நிற்கும் அங்கே வெப்பமானி.

அங்கே 1903 மார்ச்சில் போய்ச் சேர்ந்தது 'ஸ்கோஷியா' என்ற கப்பல். தலைவர் வில்லியம் ஸ்பியர்ஸ் புரூஸ். ஸ்காட்லாந்திலிருந்து புறப்பட்ட அந்தப் பயணத்திற்குப் பணத்தில் பெரும்பகுதியைத் தந்தது கோட்ஸ் குடும்பம். பேஸ்லி நகரத்து நூல் ஆலை முதலாளிகள். கோட்ஸ் என்ற பெயரை நம் ஆலைத் தோழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1974-இல் மதுரா மில்ஸுடன் இணைந்து 'மதுரா கோட்ஸ்' ஆயிற்றே, அதே பெயர்தான்! துருவக் கண்டத்தில் தாம் கண்ட நிலப்பரப்புக்குக் 'கோட்ஸ் நிலம்' என்று பெயர் சூட்டி நன்றி காட்டினார் புரூஸ். பேஸ்லி ஆலையிலே நூல் சுற்றிய பெண்ணின் பெயரை ஒரு பனிப்பாறைக்கும் சூட்டினாரில்லை. அது கிடக்கட்டும்; அவள் உழைப்பின் ஒரு துளிதான் அந்தத் தீவிலே வெப்பமானியாக நின்றது என்பதை நாம் அறிவோம்.

கப்பலைப் பனி பிடித்துக் கொண்டது. அசைய வழியில்லை. வந்தவர்கள் சோர்ந்து குந்தியிருக்கவில்லை. கல்லைப் பொறுக்கினார்கள், சுண்ணாம்பு இல்லாமலே அடுக்கினார்கள், ஒரு வீடு எழுப்பினார்கள். அதற்கு ஓமண்ட் இல்லம் என்று பெயரிட்டார்கள். காற்றின் வேகம், காற்றின் அழுத்தம், வெப்பம், மேகம் என்று குறிப்பெழுதத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள், கப்பலின் தலைமைப் பொறியாளர் ஆலன் ராம்சே இதயநோயால் மாண்டார். அந்தத் தீவின் மண்ணிலேயே அவரைப் புதைத்தார்கள். பணி தொடர்ந்தது.

புரூசும், வானிலையாளர் ராபர்ட் மாஸ்மனும் இந்தத் தொழிலைக் கற்ற இடம் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் சிகரம். அந்த மலையுச்சியில் 1883 முதல், இரவென்றும் பகலென்றும் பாராமல் மணிக்கொரு முறை கணக்கெடுத்தார்கள். அந்த ஆய்வகம் 1904-இல் இழுத்து மூடப்பட்டது. ஏன்? பணம் இல்லையாம்! கதிரவன் மறையாத பேரரசு என்று மார்தட்டியவர்கள், ஒரு மலையுச்சியில் வெப்பமானி பார்ப்பவனுக்குச் சோறு போட முடியாமல் கையை விரித்தார்கள்!

தீவிலும் அதே கதை நடந்திருக்கும். நடக்கவில்லை. 1903 இறுதியில் புரூஸ் அர்ஜென்டீனாவின் தலைநகர் போனஸ் அயர்சுக்குச் சென்றார். ஆய்வகத்தை ஏற்று நடத்துவீர்களா என்று கேட்டார். ஏற்றது அந்த அரசு. 1904 பிப்ரவரி 22-ஆம் நாள் பொறுப்பு கைமாறியது. அன்று முதல் அந்தக் கல்வீட்டில் இருந்தோர் ஐவர். மாஸ்மனும் சமையற்காரர் ஸ்மித்தும் ஸ்காட்லாந்துப் பயணத்தில் வந்தவர்கள். புதிதாக வந்தவர்களில் ஒருவர் ஜெர்மானியர், ஒருவர் உருகுவே நாட்டவர். மற்றவர் ஹூகோ அக்குன்யா, அர்ஜென்டீன இளைஞர், வயது 18, அஞ்சல் முத்திரையோடு அனுப்பப்பட்டவர். நாடு வேறு, மொழி வேறு. ஆனால் வெப்பமானி காட்டும் எண்ணை ஐவரும் ஒன்றாகவே படித்தார்கள்!

கப்பல் போய்விட்டால் ஓராண்டுக்கு உலகமே இல்லை. 1927-இல்தான் கம்பியில்லாத் தந்தி அந்தத் தீவுக்கு வந்தது. ஏறத்தாழ 40 ஆண்டுகள், அந்தத் தென்துருவ வட்டாரத்தில் ஆண்டு முழுதும் ஆள் இருந்த ஒரே இடம் அதுதான்.

இன்னொன்றையும் கேளுங்கள். ஆய்வகம் கைமாறி நான்கே ஆண்டுகள், 1908. "அந்தத் தீவுகள் எம்முடையவை" என்று சாசனம் பிறப்பித்தது லண்டன்! கணக்கெழுத ஆள் வைக்கவில்லை. காணியாட்சி கொண்டாட மட்டும் சாசனம் தயார்! 1959-இல் கையெழுத்தான அண்டார்க்டிக் உடன்படிக்கை வந்துதான், 'என் நிலம், உன் நிலம்' என்ற வழக்குகளைக் கட்டி ஓரமாக வைத்தது. கொடிச் சண்டை எத்தனை நடந்தாலும் கணக்கேடு மட்டும் நிற்கவில்லை.

வெப்பமானி பார்ப்பது பெரிய வேலையா என்று எண்ண வேண்டாம். வெயில் நேரே பட்டால் கருவி பொய் சொல்லும். அதற்காகவே, கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன், காற்று நுழையும், கதிர் நுழையாத வெள்ளைப் பலகைப் பெட்டி ஒன்றை அமைத்தார். உலகமெங்கும் வானிலையாளர்கள் கருவியை வைப்பது அந்த வகைப் பெட்டியிலேதான். சுழிக்குக் கீழே ஏறத்தாழ 39 டிகிரியில் பாதரசமே உறைந்துவிடும். ஆகவே கடுங்குளிருக்குச் சாராயம் நிரப்பிய வெப்பமானி வேண்டும். பெட்டியை இடம் மாற்றினால் அதையும் எழுதி வைக்க வேண்டும். இல்லையேல் இடம் மாறியதைக் காலம் மாறியதாகக் கணக்கு காட்டிவிடும். ஆலையிலே சங்கு ஊதினால் தறியருகே நிற்பவரைப்போல, நேரம் வந்தால் பெட்டியருகே நிற்க வேண்டும். புயலா? நிற்க வேண்டும். இருட்டா? நிற்க வேண்டும். கண்டதைத்தான் எழுத வேண்டும். கருதியதை எழுதக் கூடாது!

அந்த ஏடு சொல்வது என்ன? குளிர்காலத்தில் விரிகுடாக் கடல் உறைந்து தளம் போட்டால், கடலின் கதகதப்பு தீவை எட்டாது; குளிர் கொடுமையாகிறது. கடல் திறந்து கிடந்தால் குளிர் தணிகிறது. ஆகவே ஓர் ஆண்டைப்போல் மறு ஆண்டு இருப்பதில்லை. பத்து ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் எதையும் துணிந்து சொல்ல முடியாது. நூறு ஆண்டுக் கணக்கை விரித்தால் உண்மை எழுந்து நிற்கிறது: பத்தாண்டுக்குச் சுமார் 0.2 டிகிரி வீதம் தீவு வெப்பமாகி வந்திருக்கிறது. நூறாண்டில் சுமார் 2 டிகிரி!

பக்கத்துத் தீவான சிக்னியில் 1982 ஜனவரி 30-ஆம் நாள் 19.8 டிகிரி பதிவாயிற்று. மலை தாண்டி இறங்கிய சூடான காற்றின் வேலை அது. அந்த ஒரு நாளைக் காட்டி உலகம் வேகிறது என்று கூவினால் அது அறிவாகாது. ஒரு குளிர்நாளைக் காட்டி ஒன்றுமே நடக்கவில்லை என்று சாதித்தாலும் அறிவாகாது. நாளைக் கேட்காதே, நூற்றாண்டைக் கேள் என்கிறது பனித்தீவு!

எங்கோ இருக்கும் தீவு, நமக்கென்ன என்பாரும் உளர். 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர், நம் பருவமழையை முன்னறிய முயன்றபோது தென் அமெரிக்கக் காற்றழுத்தக் கணக்கையும் துணைக்கு எடுத்தார். இந்திய எழுத்தர்கள் கையாலேயே கூட்டிப் பெருக்கிய எண்கள், கடல் கடந்த காற்றுகளின் உறவைக் காட்டின. பின்னர் அர்ஜென்டீன வானிலைத் துறையில் பணியாற்றிய அதே மாஸ்மன், தென் அமெரிக்க வானிலைக்கும் இந்தியப் பருவமழைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். அந்த ஆய்வை 1923-இல் இந்திய வானிலைத் துறையே வெளியிட்டது. மழைக்கு வழி தேடியவர்கள் எண்களைத் தேடினார்கள். 2019-இல் மழை வேண்டிக் கோயில்களில் யாகம் நடத்தச் சுற்றறிக்கை அனுப்பியது, இங்கே தமிழ்நாட்டு அறநிலையத் துறை! எந்த நாள் எவ்வளவு நெய் ஊற்றி எத்தனை அங்குலம் பெய்தது என்று யாரேனும் ஏடு வைத்திருந்தால் காட்டட்டும், காத்திருக்கிறோம்.

தோழர்களே! அந்தத் தீவின் கணக்கு நம் தெருவின் வெயிலை அளக்காது. எப்படி அளக்க வேண்டும் என்பதைக் காட்டும். தார்ச்சாலை போடுபவர் நிழல் கேட்கிறார். உப்பளத் தொழிலாளி உச்சிவேளையில் ஓய்வு கேட்கிறார். செங்கல் சூளையில் வேகிறவர் குடிநீர் கேட்கிறார். "என்றும் உள்ள வெயில்தானே" என்பது முதலாளியின் விடை. அந்த விடையை உடைக்கக் கண்ணீர் போதாது, கோபமும் போதாது. தேதியிட்ட எண் வேண்டும். கணக்கு இல்லாதவன் வழக்கு தோற்கும்.

ஆகவே, ஆட்சி எவருடையதாயினும், கருவி பார்ப்பவர் பணியிடத்தைச் செலவு என்று சொல்லி வெட்ட வரும் கையை நாம் தடுக்க வேண்டும். அடகு வைத்த நகையை மீட்கலாம். இடிந்த பாலத்தைக் கட்டலாம். எழுதாமல் விட்ட நாளைக் கோடி கொடுத்தாலும் வாங்க முடியாது. பென் நெவிஸ் இழந்த ஆண்டுகள் இழந்தவைதான். லாரித் தீவு காத்த ஆண்டுகள் உலகத்தின் சொத்து. அதைக் காத்தவர்கள் கோமான்கள் அல்லர். கல் அடுக்கியவர், சோறு சமைத்தவர், முத்திரை கொண்டு வந்த 18 வயதுப் பிள்ளை. உழைப்பவன் எழுதிய கணக்கு அது. உழைப்பவனுக்குச் சாட்சி சொல்லும்!