சக்கரத்தில் ஒரு கண்டம் – 4: யாருக்கும் பாரமாகாமல்

கெய்ரோவிலிருந்து கேப் டவுன் வரை ஏறக்குறைய 12,000 கிலோமீட்டர்; வழியில் பத்து நாடுகள். சென்ற வாரம் வரைபடத்தை விரித்து அந்தத் தடத்தைப் பார்த்தோம். நல்ல காரியத்துக்கு நிதி திரட்ட அதைச் சைக்கிளில் கடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற இளைஞர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, “என்ன சைக்கிள் வாங்கலாம்?” என்றுதான். சைக்கிள் பிறகு வரட்டும். யாருடைய பணத்தில் போகப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

நண்பர்களிடமும் உறவினர்களிடமும் அலுவலகத்திலும் கேட்டு ஒரு தொகை சேர்கிறது. அதிலிருந்தே விமான டிக்கெட், விசா, கூடாரம் என்று எடுத்துவிட்டு, மிஞ்சியதை அமைப்புக்குக் கொடுத்தால், கொடுத்தவர்கள் இன்னொருவரின் ஊர்சுற்றலுக்குச் செலவழித்ததாகத்தான் ஆகும். கெட்ட எண்ணத்தில் யாரும் இப்படிச் செய்வதில்லை. ஆரம்பத்திலேயே கணக்கைப் பிரித்து வைக்காததால் நேர்ந்துவிடுகிறது. பயணச் செலவு சொந்தச் சேமிப்பிலிருந்து வர வேண்டும். அல்லது “இது என் பயணச் செலவுக்கு” என்று வெளிப்படையாகச் சொல்லிக் கேட்டதாக இருக்க வேண்டும். நன்கொடை, பயணியின் கைக்கு வராமல் நேரே அமைப்பின் கணக்குக்குப் போக வேண்டும். அப்போதுதான் வரிச் சலுகைக்கான 80ஜி ரசீதும் கொடுத்தவர் பெயருக்கே கிடைக்கும். வெளிநாட்டு நண்பர்கள் கொடுக்க முன்வந்தால், இங்குள்ள அமைப்புக்கு வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அப்படி வரும் பணம் முதலில் ஸ்டேட் பாங்கின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் வர முடியும். இதையெல்லாம் விசாரித்து முடிக்கவே மாதங்கள் ஆகும். புறப்படுகிற வாரத்தில் செய்கிற வேலை இல்லை.

அலஸ்டர் ஹம்ஃப்ரீஸ் என்ற ஆங்கிலேய இளைஞர் 2001 ஆகஸ்டில், படிப்பு முடிந்த கையோடு, யார்க்‌ஷயரிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பினார். ‘ஹோப் அண்ட் ஹோம்ஸ் ஃபார் சில்ட்ரன்’ என்ற அமைப்புக்காகப் போன பயணம் அது. விடுதிகளில் கிடக்கும் குழந்தைகளைக் குடும்பச் சூழலுக்குக் கொண்டுவரப் பாடுபடுகிற அமைப்பு. நான்கு ஆண்டுகளுக்கு மேல், 60 நாடுகள், 46,000 மைல். அத்தனைக்கும் அவர் செலவழித்தது சொந்தச் சேமிப்பான சுமார் 7,000 பவுண்டு. கிளம்பிச் சில வாரங்களில் நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்தன. ஆசியா வழியாக ஆஸ்திரேலியா என்று போட்டு வைத்த திட்டத்தை இஸ்தான்புல்லில் கைவிட்டு, ஆப்பிரிக்காவின் பக்கம் திரும்பிக் கேப் டவுன் வரை ஓட்டினார். வழி தலைகீழாக மாறியபோதும், எதற்காகப் போகிறோம் என்பது மாறவில்லை. கணக்கைப் பிரித்து வைத்தவருக்குத்தான் இந்த நிம்மதி வாய்க்கும்.

அடுத்து, யாருக்குக் கொடுப்பது? போகிற வழியிலேயே பலன் தெரிகிற வேலைக்குக் கொடுப்பது நல்லது என்பேன். இந்தத் தடத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. அதன் தொடக்கம் நமக்கு மிகப் பக்கத்தில். 2004 சுனாமிக்குப் பிறகு, ‘ஸ்ராம்’ என்ற சைக்கிள் உதிரிபாக நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான எஃப்.கே. டே, மனைவி லியா மிஸ்பாக் டேயுடன் இலங்கைக்கு வந்தார். வீட்டையும் தொழிலையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்றவர்களுக்கு வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போய்வர ஒரு வாகனம் தேவைப்பட்டது. ‘வேர்ல்டு விஷன்’ அமைப்போடு சேர்ந்து அங்கே 24,000க்கும் மேற்பட்ட சைக்கிள்கள் கொடுக்கப்பட்டன. 2005இல் ‘வேர்ல்டு பைசைக்கிள் ரிலீஃப்’ பிறந்தது அப்படித்தான். அங்கிருந்து அவர்கள் போனது ஜாம்பியாவுக்கு. எய்ட்ஸ் நோயாளிகளை வீடு வீடாகப் போய்க் கவனித்த ஊர்த் தொண்டர்களுக்குத்தான் அங்கே முதலில் சைக்கிள் கிடைத்தது.

பணக்கார நாடுகளில் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய சைக்கிள்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பும் வேலையை இவர்கள் செய்யவில்லை. அந்தச் சைக்கிள்களுக்கு ஜாம்பியச் சந்தையில் உதிரிபாகம் கிடைக்காது. ஒரு பாகம் போனால் மொத்தமும் மூலையில் சாயும். ஆகவே ‘பஃபலோ’ என்ற சைக்கிளைப் புதிதாகவே வடிவமைத்தார்கள். கனத்த எஃகுச் சட்டம், 100 கிலோ தாங்கும் கேரியர், பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். கூடவே ஊர்ப்பக்க மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி, கருவிப் பெட்டி, உதிரிபாகக் கடை. ஜாம்பியக் கிராமங்களில் தொலைவிலிருந்து நடந்துவரும் பள்ளி மாணவிகளுக்கு இதைக் கொடுத்து, கொடுக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், பள்ளிக்கு வராத நாட்கள் கால்பங்குக்கும் மேல் குறைந்திருந்தன. ஆய்வில் பங்கேற்ற பொருளியலாளர் நிஷித் பிரகாஷ், அதற்கு முன் கார்த்திக் முரளிதரனோடு சேர்ந்து பீகாரின் மாணவியர் சைக்கிள் திட்டத்தை ஆராய்ந்தவர். பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிளில் போய்ப் படித்த தலைமுறை நம்மிடம் இருக்கிறது. அதன் அருமையை நமக்கு யாரும் புள்ளிவிவரம் வைத்து விளக்க வேண்டியதில்லை.

இனிச் சைக்கிளுக்கு வரலாம். பஃபலோவை வடிவமைத்தவர்கள் யோசித்தபடியே பயணியும் யோசிக்க வேண்டும். போகிற ஊரில் எது பழுது பார்க்க முடியுமோ, அதுதான் நல்ல சைக்கிள். எஃகுச் சட்டம் முறிந்தால் லாரிப் பட்டறையில் வெல்டிங் வைத்துவிடலாம்; கார்பனும் அலுமினியமும் அப்படி ஒட்டாது. டியூபில் மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது போன்ற தடித்த வால்வ் இருந்தால் எந்தப் பெட்ரோல் பங்கிலும் காற்றடிக்கலாம். பந்தய சைக்கிளின் மெல்லிய வால்வுக்கு அங்கே குழாய் பொருந்தாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் பின்சக்கரம். சுமை ஏற்றிய சைக்கிளில் பெரும்பாரம் அதன் மேல்தான் இறங்குகிறது. வலப்பக்கம் பல்சக்கர அடுக்குக்கு இடம் விட வேண்டியிருப்பதால் அந்தப் பக்கத்துப் போக்ஸ் கம்பிகள் செங்குத்தாகவும், இடப்பக்கத்தைவிட இறுக்கமாகவும் நிற்கும். உடைந்தால் பெரும்பாலும் அவைதான் உடையும். ஹப்பின் துளையில் கொக்கி போல வளைந்து உட்காரும் இடத்தில் ‘டக்’கென்று போகும். அந்தத் துளையைப் பல்சக்கரம் மறைத்துக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றாமல் புதுக் கம்பியை நுழைக்க முடியாது. கழற்ற அதற்கென்றே உள்ள கருவி வேண்டும். அது கையில் இல்லாவிட்டால், பத்துக் கம்பி வைத்திருந்தும் பயனில்லை.

ஆகவே வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். சக்கரத்தைக் கழற்றி, வேண்டுமென்றே ஒரு வலப்பக்கக் கம்பியை வெட்டிவிடுங்கள். பல்சக்கரத்தை எடுத்து, சரியான நீளமுள்ள கம்பியை (இடத்துக்கும் வலத்துக்கும் சில மில்லிமீட்டர் வித்தியாசம் உண்டு) மற்றக் கம்பிகளுக்கு நடுவே பின்னலாக நுழைத்து, நிப்பிளைப் பிடித்துக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்குங்கள். சக்கரத்தைத் திரும்ப மாட்டி, சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சுழற்றினால் ரிம் பிரேக் கட்டையில் எங்கே உரசுகிறது என்று தெரியும். அங்கே கோட்டம் எடுக்க வேண்டும். பழகிய மெக்கானிக், கம்பியை விரலால் சுண்டி ஒலியைக் கேட்டே இறுக்கத்தைச் சொல்லிவிடுவார். தெருமுனைக் கடையில் அவர் பக்கத்தில் சில மாலைகள் உட்கார்ந்து கற்றுக்கொள்வதைவிட நல்ல தயாரிப்பு கிடையாது. 36 கம்பிச் சக்கரமே வாங்குங்கள். ஒன்று போனாலும் மீதி 35 தாங்கி அடுத்த ஊர் வரை கொண்டு சேர்க்கும்.

1963இல் அயர்லாந்திலிருந்து இந்தியாவுக்குச் சைக்கிளில் வந்த டெர்வ்லா மர்ஃபி, கிளம்புவதற்கு முன் தன் சைக்கிளின் கியரையே கழற்றிவிட்டார். ஆசியச் சாலைகளை அது தாங்காது என்று கருதினார். மாற்று டயர்களை வழியிலுள்ள ஊர்களுக்கு முன்கூட்டியே தபாலில் அனுப்பி வைத்தார். டெல்லி வந்து சேர்ந்த பிறகு, தர்மசாலாவில் திபெத்திய அகதிக் குழந்தைகளின் முகாமில் தங்கி வேலை செய்தார். அவர் நிதி திரட்டப் புறப்பட்டவர் அல்லர். ஆனாலும் இந்தத் தொடரில் அவருக்கு ஓர் இடம் உண்டு.

உடற்பயிற்சியைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். நான் வலியுறுத்துவது ஒன்றைத்தான். ஒரே நாளில் 200 கிலோமீட்டர் ஓட்டுவது பெரிதில்லை. முழுச் சுமையோடு 100 ஓட்டி, இரவு தரையில் படுத்து, மறுநாள் காலை மறுபடி 100 ஓட்ட முடிகிறதா என்று பாருங்கள். எத்தியோப்பியாவில் நீல நைல் பள்ளத்தாக்கு இருக்கிறது. சாலை ஆயிரம் மீட்டருக்கும் மேல் கீழே இறங்கி, ஆற்றைக் கடந்து, அவ்வளவையும் திரும்ப ஏறும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் உயரம்தான். ஆனால் அங்கே ஏறி முடிக்கும் விளிம்பு கடல்மட்டத்திலிருந்து 2,400 மீட்டருக்கும் மேலே. ஊட்டியின் காற்றில் ஏற்காடு ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசிகளுக்கு வருவோம். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். சென்னையில் கிண்டி கிங் ஆய்வகத்திலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். 2016 முதல் அது ஆயுள் முழுவதும் செல்லுபடியாகும். எத்தியோப்பியா, கென்யா வழியாக வருகிறவரிடம் தென்னாப்பிரிக்கா அதைக் கேட்கும்; திரும்பி வரும்போது இந்தியாவும் கேட்கும், இல்லையென்றால் தனிமையில் வைத்துவிடும். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, மலேரியா உள்ள பகுதிக்குள் நுழைவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளச் சொன்னால் பலர் அலட்சியமாகத் தலையாட்டுகிறார்கள். சைக்கிளைத் துரத்தாத நாய் எந்தக் கண்டத்திலும் கிடையாது. ஊசி போடாதவரை நாய் கடித்தால், தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் செலுத்த வேண்டும். அது விலை அதிகம். கிராம மருத்துவமனைகளில் அரிது. முன்பே ஊசி போட்டவருக்கு அது தேவையில்லை, அடுத்தடுத்து இரண்டு ஊசிகள் போதும். நாய் கடித்த குழந்தை ஒன்று அந்த மருத்துவமனைக்கு வரும்போது, அங்கிருந்த ஒரே குப்பியை உதவி செய்ய வந்த நாம் தீர்த்துவிட்டிருக்கக் கூடாது.

விசாவில் ஒரு சிக்கல். எல்லா நாட்டு விசாவையும் ஊரிலேயே வாங்கிக்கொண்டால், கடைசி நாடுகளுக்குப் போய்ச் சேருவதற்குள் காலாவதியாகிவிடும். முதல் இரண்டு மூன்று நாடுகளுக்கு இங்கே வாங்கிக்கொண்டு, மற்றவற்றுக்கு நைரோபி போன்ற தலைநகரங்களில் சில நாள் ஒதுக்கி வைக்க வேண்டும். புறப்பட ஏற்ற மாதம் ஜனவரி. எகிப்தின் பாலைவனம் அப்போது இதமாக இருக்கும், கென்யாவின் நீண்ட மழைக்கு முன் அங்கே போய்விடலாம், தென்முனையில் குளிர்காலம் தொடங்கும் ஜூனுக்குள் கேப் டவுனைத் தொட்டுவிடலாம்.

இவ்வளவு சொல்லிவிட்டு, தடத்தின் நடுவில் விழுந்துவிட்ட ஓட்டையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எகிப்துக்குத் தெற்கே சூடான். அஸ்வானிலிருந்து நாசர் ஏரியில் படகேறி வாடி ஹல்ஃபாவில் இறங்கி, நைல் ஓரமாகவே கார்ட்டூம் வரை ஓட்டியவர்கள் அத்தனை பேரும் வாய் நிறையப் பேசியது சூடானியரின் விருந்தோம்பலைத்தான். அங்கே சாலையோர நிழல்களில் ‘ஸீர்’ என்று பெரிய மண்பானைகளை வரிசையாக வைத்திருப்பார்கள். மேலே ஒரு மூடி, பக்கத்தில் ஒரு குவளை. வழிப்போக்கர் யாரும் எடுத்துக் குடிக்கலாம். நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தலேதான். அந்த வெயிலில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு நாளைக்கு எட்டு, பத்து லிட்டர் தேவைப்படும். அதை முழுக்கப் பானையிலிருந்து நிரப்பிக்கொண்டால் பின்னால் நடந்து வருபவருக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டி ஒன்றை எடுத்துப் போவதையே அந்தத் தடத்துக்கான முதல் பாடமாக எழுத இருந்தேன்.

2023 ஏப்ரலில் ராணுவத்துக்கும் துணை ராணுவப் படைக்கும் போர் மூண்டது. கார்ட்டூம் சிதைந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். பல லட்சம் பேர் சாட், எகிப்து, தெற்கு சூடான் எல்லைகளைத் தாண்டினார்கள். முன்பின் தெரியாத பயணிக்காகப் பானையை நிரப்பியவர்கள் இன்று குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். நாட்டுக்குள் தங்கியவர்களில் இளைஞர்கள் ‘அவசர உதவி அறைகள்’ என்று பேட்டைக்குப் பேட்டை குழு அமைத்து, பொதுச் சமையற்கூடம் நடத்திப் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறார்கள்.

இன்று புறப்படுகிற பயணி எகிப்தை முடித்துவிட்டு விமானத்தில்தான் சூடானைத் தாண்ட வேண்டும். வாடி ஹல்ஃபாவிலிருந்து கார்ட்டூம் வழியாக எத்தியோப்பிய எல்லை வரை சுமார் 1,500 கிலோமீட்டர், ஓட்ட முடியாத தூரம். எத்தியோப்பியாவின் வடக்கிலும் சண்டை நடக்கிறது. அந்தப் பகுதியைக் கடப்பதைக் கிளம்பும் நேரத்து நிலைமை பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

நன்கொடை கேட்கும்போது கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கேட்பது வழக்கம். அந்தப் பட்டியலிலிருந்து இந்த 1,500 கிலோமீட்டரை நீக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓட்டிய தூரத்துக்கான பணம் ஜாம்பியப் பிள்ளைகளின் சைக்கிளுக்குப் போகட்டும். ஓட்ட முடியாத தூரத்துக்கான பணம் ஐ.நா. அகதிகள் முகமையின் சூடான் நிதிக்கோ, அந்தச் சமையற்கூடங்களுக்கு உதவுகிற அமைப்பு ஒன்றுக்கோ போகட்டும். நன்கொடைப் படிவத்திலேயே இதற்கு ஒரு தனி வரி போட்டு, காரணத்தையும் இரண்டு வாக்கியத்தில் எழுதிவிடுங்கள்.

(பயணம் தொடரும்)