காம்புக்குள் போன மருந்து

மடிநோய் கண்ட பசுவுக்கு ஒரு காம்பில் மருந்தை ஏற்றிவிட்டு, மற்ற மூன்று காம்புகளின் பாலைக் கறந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாலும் சுத்தமில்லை. ஏற்றிய பென்சிலினில் ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து, உடலைச் சுற்றி, நோயில்லாத காம்புகளுக்கும் வந்து சேர்கிறது.

ஊசியாகப் போட்டாலும் மருந்து மடியைத் தேடி வரும். எவ்வளவு வரும் என்பது அதன் வேதியியலைப் பொறுத்தது. ரத்தத்தின் பிஎச் 7.4, பாலுக்கு ஏறக்குறைய 6.6, அதாவது சற்றே அமிலம். எரித்ரோமைசின், டைலோசின் போன்ற காரத்தன்மையுள்ள மருந்துகள் ரத்தத்திலிருந்து எளிதில் மடிக்குள் நுழைகின்றன. நுழைந்ததும் பாலின் அமிலத்தில் மின்னேற்றம் பெறுகின்றன. பிறகு சவ்வைக் கடந்து திரும்புவது கடினம். அதனால் ரத்தத்தில் இருப்பதைவிடப் பாலில் கூடுதலாகச் சேர்கின்றன. அமிலத்தன்மையுள்ள பென்சிலினுக்கு இது தலைகீழ். மடி வீங்கியபின் பாலின் பிஎச் ரத்தத்தை நெருங்குவதால் இந்தக் கணக்கும் மாறுகிறது.

வாய்வழி கொடுத்தால் வேறு சிக்கல். வளர்ந்த மாட்டின் பெருவயிற்றில் தீவனத்தைச் செரிக்க வைப்பவையே நுண்ணுயிரிகள்தாம்; மருந்து அவற்றையும் கொல்லும். இளங்கன்றுக்கு அந்த வயிறு இன்னும் வேலை தொடங்காததால் வாய்வழி மருந்து பயன்படுகிறது.

வெளியேறும் வேகமும் ஒன்றுபோல் இல்லை. பென்சிலின் பெரும்பாலும் மூத்திரத்தில் சீக்கிரம் போய்விடும். ஆக்ஸிடெட்ராசைக்ளின் கால்சியத்தோடு பிணைந்து எலும்பில் தங்கும். ஜென்டாமைசின் சிறுநீரகத்தில் மாதக்கணக்கில் கிடக்கும்.

பாலில் பென்சிலின் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச வரம்பு. நம்பவே முடியாத சிறிய அளவு இது. ஆனால் பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்குச் சிறிய அளவும் ஆபத்தாகலாம். பாலைக் காய்ச்சினாலும் மருந்து முழுவதும் அழியாது. உறை ஊற்றிய பால் சரியாகத் தோயாமல் போக இதுவும் ஒரு காரணம்: தயிராக்கும் பாக்டீரியாவை மருந்து தடுத்துவிடுகிறது.

எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பது மருந்தின் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அளவைக் கூட்டிப் போட்டால் அந்த நாள்கணக்கு செல்லாது. மருத்துவரிடம் மறுபடி கேட்க வேண்டும். ஒதுக்கிய பாலைக் கன்றுக்கும் ஊட்டக் கூடாது. அதிலுள்ள மிச்ச மருந்து, கன்றின் குடலில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களைப் பெருகவிடும். அவை சாணத்தோடு தொழுவமெங்கும் பரவும்.