கசக்கிப் பார்த்தால் தெரியும்

"லாரியில் எல்லாத்தையும் ஒண்ணாத்தானே கொட்டுறாங்க, நான் எதுக்குப் பிரிக்கணும்?" குப்பையைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் தெருக்களில் தவறாமல் எழும் கேள்வி. புனேயின் பல தெருக்களில் இதைக் கேட்க முடியாது. அங்கே வாசலுக்கு வருவது லாரி அல்ல, ஒரு பெண். அவருடைய வருமானத்தில் ஒரு பங்கு நம் குப்பைக் கூடைக்குள்தான் கிடக்கிறது.

புனேயின் குப்பை பொறுக்குவோர் 1993-இல் 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' என்று சங்கம் அமைத்தார்கள். அதிலிருந்து பிறந்த 'ஸ்வச்' கூட்டுறவு 2008-இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டது. வீட்டுக்காரர் தரும் மாதக் கட்டணமும் பழைய பொருள் விற்ற காசும் அவர்களுக்கே. வரலாறு இவ்வளவு போதும்.

மராத்தியில் 'ஓலா', 'சுகா' என்று பிரிக்கிறார்கள்: ஈரம், உலர். நாம் சொல்வது 'மக்கும்', 'மக்காத'. செய்தித்தாளும் மக்கும்தானே என்று சாம்பார் மிச்சத்தோடு போட்டால், ஊறிப்போய் எடைக்குக்கூட உதவாது. மராத்திக்காரர் இந்தப் பள்ளத்தில் விழுவதில்லை.

வேடிக்கை சுகாவுக்குள்தான் இருக்கிறது. பழகிய கை உறையைக் கசக்கிப் பார்க்கிறது, காது கேட்கிறது. புதுச்சட்டை உறை மொறமொறத்தால் பாலிபுரோப்பிலீன். பால் பாக்கெட் சத்தமில்லாமல் குழைந்தால் பாலிஎத்திலீன். இரண்டிலும் இருப்பது கார்பனும் ஹைட்ரஜனும்தான். சேர்த்து உருக்கினால் என்ன?

கலக்காது. கல்யாணப் பந்தியில் இரு வீட்டாரும் தனித்தனி ஆளாக வந்தால், லேசான மனக்கசப்பு இருந்தாலும் கலந்து உட்கார்ந்துவிடுவார்கள். இஷ்டப்பட்ட இலையில் உட்காரலாம் என்ற சுதந்திரம் கசப்பை மிஞ்சிவிடும். அதே ஆட்கள் ஆயிரக்கணக்கில் கைகோத்துச் சங்கிலியாக வந்தால்? விட்டு விலகி உட்கார வழியில்லை. கசப்போ ஆளுக்கு ஆள் கூடுகிறது. தாலி கட்டி முடிந்தும் பெண் வீட்டுப் பந்தி தனி, மாப்பிள்ளை வீட்டுப் பந்தி தனி. பாயசம் மட்டும் பொது. பிளாஸ்டிக் மூலக்கூறுகள் இப்படிப்பட்ட சங்கிலிகள். 1940களின் தொடக்கத்தில் ஃப்ளோரி, ஹக்கின்ஸ் என்ற இரு வேதியியலாளர்கள் இந்தப் பிணக்கைச் சமன்பாடாக எழுதினார்கள் (அவர்கள் பந்தியைப் பார்த்ததில்லை). உருகி ஆறிய கட்டிக்குள் ஒன்று மற்றொன்றில் துளித்துளியாக நிற்கும். ஒட்டாத அந்த எல்லைகளில் விரிசல் ஓடும்.

பி.வி.சி. இன்னும் மோசமான விருந்தாளி. தண்ணீர் பாட்டிலின் 'பெட்' உருகுவதற்கு 250 டிகிரி வேண்டும். அதற்குள் பி.வி.சி. சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கக்கி, பெட்டின் சங்கிலிகளை அறுத்துவிடுகிறது. துளி கலந்தாலே மொத்தமும் மஞ்சளாகிவிடும்.

இந்தப் பிரிப்பு வேலையையெல்லாம் இனி செயற்கை நுண்ணறிவு ரோபோ பார்த்துக்கொள்ளும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. நல்லது. ஆனால் பிரிப்பு இயந்திரங்கள் பெரிதும் நம்பியிருக்கும் அகச்சிவப்புக் கண், கார்பன் மை சேர்த்த கறுப்புச் சாப்பாட்டுத் தட்டின் முன் திணறுகிறது. ஒளியை அந்த மை விழுங்கிவிடுகிறது.

சிப்ஸ் உறையும் நன்றாகவே மொறமொறக்கும். உள்ளே அலுமினியப் பளபளப்பைக் கண்டதும் புனேக் கை அதை ஒதுக்கிவிடுகிறது. வெவ்வேறு படலங்களை ஆலையிலேயே பசைபோட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். பிரித்தெடுக்கும் செலவுக்கு அது கட்டுப்படியாகாது.